பூஞ்சை புகுந்த இடுக்கு: தகமாட்சுசுகா கல்லறை ஓவியங்களுக்கு நடந்தது என்ன?

ஜப்பானின் நாரா மாநிலத்தில் அசுகா என்றொரு கிராமம். ஏழாம் நூற்றாண்டில் நாட்டின் தலைநகரம் இருந்த பகுதி அது. இன்று வயலும் சிறு குன்றுகளுமாகக் கிடக்கிறது. 1960களின் தொடக்கத்தில், அங்கே இஞ்சியைச் சேமித்து வைக்கக் குழி வெட்டியபோது அடியில் செதுக்கிய கல் ஒன்று தட்டுப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 1972 மார்ச்சில், காஷிஹாரா தொல்லியல் நிறுவனத்தின் சார்பில் கன்சாய் பல்கலைக்கழகத்தின் அபோஷி யோஷினோரி தன் மாணவர்களுடன், தகமாட்சுசுகா என்ற அந்தக் கல்லறை மண்மேட்டைத் தோண்டினார். மார்ச் 21 அன்று, பழங்காலத் திருடர்கள் தென்சுவரில் உடைத்துவிட்டுப் போன ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஆட்கள் நின்றிருந்தார்கள்.

நாடே பரபரத்தது. 1973இல் மேடு சிறப்பு வரலாற்றுத் தலம் ஆனது. 1974இல் ஓவியங்கள் தேசியப் பொக்கிஷம் ஆயின. பாதுகாப்பு நிதி திரட்டத் தனியாக அஞ்சல்தலைகூட வெளியிட்டார்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த அந்த ஓவியங்கள், இத்தனை கவனிப்புக்குப் பிறகு முப்பதே ஆண்டில் மங்கிப்போயின. 2007இல் கல்லறையையே கல் கல்லாகப் பிரித்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. தொல்லியல் பாதுகாப்பில் இதைவிடச் சங்கடமான நிகழ்வு ஜப்பானில் நடந்ததில்லை என்றே நினைக்கிறேன். பணம் இருந்தது, நிபுணர்கள் இருந்தார்கள், அக்கறையும் இருந்தது. அப்புறம் எங்கே தவறியது?

உள்ளே இருந்தது

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மேடு இரண்டு அடுக்கு வட்டம்: கீழடுக்கின் விட்டம் 23 மீட்டர், மேலடுக்கு 18 மீட்டர், உயரம் 5 மீட்டர். அதன் நடுவே இருக்கும் கல்லறையின் உள்ளளவு நீளம் 2.65 மீட்டர், அகலம் 1.03 மீட்டர், உயரம் 1.13 மீட்டர். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மென்மையான எரிமலைச் சாம்பல் கல்லில் 16 பலகைகள்: தரைக்கு நான்கு, கூரைக்கு நான்கு, கிழக்கிலும் மேற்கிலும் மும்மூன்று, வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று. உட்புறம் முழுக்கச் சில மில்லிமீட்டர் கனத்தில் சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சின் மேல்தான் ஓவியம்.

கிழக்குச் சுவரின் நடுவே நீல டிராகன், அதன் மேல் சூரியன். மேற்கில் வெண்புலி, மேலே சந்திரன். வடக்கில் பாம்பு சுற்றிய ஆமை. தெற்கில் செந்நிறப் பறவை இருந்திருக்க வேண்டும். திருடர்கள் ஓட்டை போட்டது அந்தச் சுவரில்தான் என்பதால் அது போய்விட்டது. சூரிய, சந்திர வட்டங்களில் பதித்திருந்த தங்கத்தையும் வெள்ளியையும் சுரண்டியிருந்தார்கள். கூரையில் தங்கத் தகட்டால் சிறு வட்டங்கள், அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகள்: நடுவில் துருவப் பகுதி, சுற்றிலும் 28 நட்சத்திரக் கூட்டங்கள். நம் பஞ்சாங்கத்தில் 27 என்று எண்ணுகிறோம். சீன மரபில் 28.

பக்கச் சுவர்களில் நான்கு நான்கு பேராக 16 மனிதர்கள்: தெற்குப் பக்கம் ஆண்கள், வடக்குப் பக்கம் பெண்கள். ஒவ்வோர் உருவமும் ஒரு முழத்துக்குக் குறைவு. ஆண்களிடம் குடை, மடக்கு நாற்காலி, தோளில் மாட்டிய பை. பெண்களிடம் நீண்ட காம்புள்ள வட்ட விசிறி, சாமரம். ஏதோ ஊர்வலத்துக்கு ஆயத்தமாவது போல ஒருவரையொருவர் பார்த்தும் பாராமலும் நிற்கிறார்கள். மேற்குச் சுவரின் பெண்கள்தான் பள்ளிப் பாடநூல் வரை போய்ப் புகழ்பெற்றவர்கள். நீள மேல்சட்டை, அதன் கீழே சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளோடு மடிப்பு மடிப்பாக விழும் பாவாடை. நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மாலகைட், சிவப்புக்குச் சாதிலிங்கம். முகக் கோடுகளைப் போட்ட கைக்குத் தயக்கமே இருந்திருக்காது.

சீனத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவே கைமாறியவற்றைப் படிப்பவர்களுக்கு இந்தச் சின்னப் பெட்டி ஒரு புதையல். திசைக் காவல் விலங்குகளும் வானப் படமும் சீனத்தவை. மடிப்புப் பாவாடை கொரியாவின் பழைய கோகுரியோ அரசின் கல்லறை ஓவியங்களில் இருக்கிறது. கூட்டமாக நிற்கும் பணிப்பெண்கள் என்ற அமைப்பு, சீனாவின் ஷியான் நகருக்கு அருகே 706ஆம் ஆண்டைச் சேர்ந்த தாங் வம்ச இளவரசி யோங்தாயின் கல்லறையைச் சட்டென நினைவூட்டும். ஆனால் யோங்தாயின் பெண்கள் ஆளுயரத்துக்கு விசாலமான சுவரில் நிற்கிறார்கள். இங்கே அதே உலகத்தை ஒரு சவப்பெட்டிக்கு மட்டுமே இடமுள்ள அறைக்குள் சுருக்கியிருக்கிறார்கள்.

காலத்தைக் கணிக்க உதவியது முகம் பார்க்கும் ஒரு வெண்கலக் கண்ணாடி. திராட்சைக் கொடியும் விலங்குகளும் புடைத்த தாங் வம்சத்துக் கண்ணாடி அது. அதே வார்ப்பில் பிறந்த இன்னொன்று ஷியானில், 698இல் அடக்கம் செய்யப்பட்ட துகு சிசென் என்பவரின் கல்லறையில் கிடைத்திருக்கிறது. 702இல் ஜப்பானிலிருந்து தாங் அரசவைக்குப் போன தூதுக்குழு 704இல் திரும்பியபோது கண்ணாடி வந்திருக்கலாம் என்பது ஒரு வாதம். அது சரியென்றால் கல்லறை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்துவிடும். உள்ளே கிடந்தவர் யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இளவரசர் ஒசகாபே என்பார்கள், அமைச்சர் இசொனோகாமி மாரோ என்பார்கள். குடையின் அடர்பச்சை நிறம் மிக உயர்ந்த பதவிக்கு உரியது என்பதை ஆளுக்கொரு விதமாகத் தங்கள் கட்சிக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கு தனி. இங்கே நமக்கு வேண்டாம்.

இருந்த இடத்திலேயே காப்பது என்ற முடிவு

1972இல் அதிகாரிகள் முன் இரண்டு வழிகள் இருந்தன. சுண்ணாம்புப் பூச்சைச் சுவரிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைப்பது ஒன்று. சீனாவில் தாங் கல்லறைகளில் அப்படித்தான் செய்தார்கள். யோங்தாயின் சுவர்களும் பெயர்க்கப்பட்டவையே. மற்றது, இருந்த இடத்திலேயே விட்டு, சூழலைக் கட்டுப்படுத்துவது. ஜப்பான் இரண்டாவதைத் தேர்ந்தது. குகை ஓவியங்களைக் காப்பதில் பெயர்பெற்ற பிரெஞ்சு நிபுணர்களையும் கலந்துகொண்டார்கள்.

இந்த முடிவை இன்று குறை சொல்வது எளிது. அன்றைக்கு அது முட்டாள்தனமான முடிவல்ல. பூச்சு ஈரத்தில் ஊறி, கல்லைவிட்டுக் கழன்று, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. ஏறத்தாழ 100 சதவீத ஈரப்பதம்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது. காயவிட்டால் சுருண்டு விழுந்துவிடும். ஓவியமும் கல்லும் மேடும் சேர்ந்ததுதான் கல்லறை, பிரித்தால் அர்த்தம் போய்விடும் என்ற கோட்பாடும் நியாயமானதே. ஆகவே கல்லறையின் தெற்கு வாயை ஒட்டி, மேட்டுக்குள் ஒரு கான்கிரீட் பாதுகாப்பகம் கட்டினார்கள். 1976இல் அது தயாரானது. அடுத்தடுத்த அறைகள், குளிர்சாதன ஏற்பாடு. உள்ளே போகும் ஆள் வெளிக்காற்றைக் கொண்டுபோகாதபடி, முன்னறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் கல்லறைக்கு ஈடாகக் கொண்டுவந்த பிறகுதான் கதவு திறக்கும். 1976 முதல் 1985 வரை, கழன்ற பூச்சின் பின்னால் அக்ரிலிக் பிசினைச் செலுத்தி ஒட்டவைத்தார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்காகப் பக்கத்தில் 1977இல் ஒரு பிரதி மண்டபம் திறக்கப்பட்டது.

1980 வாக்கில் பூஞ்சை தலைகாட்டியது. மருந்துப் புகை போட்டார்கள், எத்தனாலால் துடைத்தார்கள், அடங்கியது. 80களின் பிற்பகுதியிலும் 90களிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது, சிறு பழுது பார்ப்பது, கதவைச் சாத்திவிட்டு வருவது என்று போனது. அந்த ஆண்டுகளில் கல்லறைக்குள் வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

இடுக்கு

கான்கிரீட் கட்டடத்துக்கும் கல்லறை வாய்க்கும் நடுவே ஒரு சிறு இணைப்புப் பகுதி உண்டு. கட்டடம் அங்கே முடிந்துவிடுகிறது, கல்லறை இன்னும் தொடங்கவில்லை. மேலேயும் பக்கங்களிலும் வெறும் பழைய மண். அந்த மண் அவ்வப்போது உதிர்ந்தது. ஈரமும், வேர்களும், பூச்சிகளும் இருக்கும் இடம். குளிர்சாதனத்தின் ஆட்சி அங்கே முழுமையாகச் செல்லாது.

நிர்வாகத்திலும் இதே இடுக்கு இருந்தது. மேடு வரலாற்றுத் தலம், ஆகவே அரசின் கலாசார விவகார அமைப்பின் நினைவுச்சின்னப் பிரிவுக்கு. ஓவியம் தேசியப் பொக்கிஷம், ஆகவே கலைப்பொருள் பிரிவுக்கு. ஒரே அலுவலகம், இரண்டு மேசைகள். மண் உதிர்கிறது என்றால் ஒருவர், சுவரில் புள்ளி தெரிகிறது என்றால் இன்னொருவர். உதிரும் மண்தான் சுவரின் புள்ளிக்குக் காரணம் என்றால் யார்?

2001 பிப்ரவரியில் இணைப்புப் பகுதியின் மண் கூரை விழாமலிருக்க அதைக் கெட்டிப்படுத்தும் வேலை நடந்தது. கல்லறைக்குள் நுழையக் கண்டிப்பான விதிகள் இருந்தன: பாதுகாப்பு உடை, கிருமி நீக்கம். ஆனால் வேலை நடந்தது கல்லறைக்குள் அல்லவே, அதற்கு வெளியே! வேலையாட்கள் பாதுகாப்பு உடை அணியவில்லை, பூஞ்சைத் தடுப்பும் சரியாகச் செய்யப்படவில்லை என்று பின்னாளில் விசாரணையில் தெரிந்தது. அடுத்த சில வாரங்களிலேயே இணைப்புப் பகுதியில் பூஞ்சை. ஆண்டு முடிவதற்குள் கல்லறைக்குள்ளும் பரவிவிட்டது. (அதே 2001இல், பழங்கால ஓவியங்களுக்குப் பேர்போன பிரான்சின் லாஸ்கோ குகையிலும் வெண்பூஞ்சை வெடித்தது. பாடம் கேட்கப் போன வீட்டிலும் அதே நோய்.)

அதன்பின் நடந்தது ஒரு துரத்தல். எத்தனால் தெளித்தால் ஒரு வகை அடங்கும், இன்னொன்று கிளம்பும். பூஞ்சையைத் தின்னச் சிற்றுண்ணிகள் வந்தன, அவற்றைத் தின்னப் பூரான் வந்தது. செத்த பூச்சிமேல் மறுபடி பூஞ்சை. சுவரில் கருப்பாக, வழுவழுப்பான பாசிபோன்ற படலம் பரவியது. பிற்பாடு ஆய்வு செய்தபோது, அங்கிருந்த நுண்ணுயிர்களில் சில எத்தனாலையே உணவாக்கிக்கொள்ளக் கூடியவை என்று தெரிந்தது. புளிக்காடி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த புதிய வகைகளும் இந்தக் கல்லறையிலும், அருகிலுள்ள கிடோரா கல்லறையிலும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு அசுகாவின் பெயரையே வைத்தார்கள். அமிலம் சுரக்கும் உயிரி, சுண்ணாம்புச் சுவர்: மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

2002 ஜனவரியில் பூஞ்சையை அகற்றும் வேலையின்போது கருவி பட்டு மேற்குச் சுவரின் ஆண்கள் படத்தில் சேதம் ஏற்பட்டது. ஒரு மீட்டர் அகலப் பொந்துக்குள் குனிந்தபடி விளக்கையும் கருவியையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் இது நடக்கும். அதற்காக அந்தக் கையை நான் குற்றம் சொல்லமாட்டேன். அதற்கடுத்து நடந்ததுதான் குற்றம். சேதம் தெரியாதபடி நிறம் பூசிச் சரிக்கட்டிவிட்டு, வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2006 ஏப்ரலில்தான் அது அம்பலமானது.

ஓவியம் மங்கிய செய்தியும் அதிகாரிகள் தாமாகச் சொல்லி வந்ததல்ல. 2004இல் புதிய புகைப்படத் தொகுப்பு வெளியானபோது, 1972இன் படங்களோடு ஒப்பிட்டவர்கள் அதிர்ந்தார்கள். வெண்புலியின் கோடுகள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. மூக்கையும் பல்லையும் தேட வேண்டியிருந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கேள்விகள் வந்த பிறகே விசாரணைக் குழுக்கள் வந்தன.

பிரித்தெடுத்தல்

2005 ஜூனில் முடிவானது: கல்லறையைப் பிரித்து வெளியே கொண்டுவந்து பழுது பார்ப்பது. கடும் எதிர்ப்பு இருந்தது. சிறப்பு வரலாற்றுத் தலத்தைத் தோண்டி உடைப்பதா? ஆனால் பூச்சு மட்டும் பெயர்க்க முடியாத அளவுக்குப் பலவீனமாகியிருந்தது, பூஞ்சை காத்திருக்கவும் இல்லை. மேட்டின் மேல் குளிர்நீர்க் குழாய்களைப் பரப்பி உள்வெப்பத்தை 10 டிகிரி அளவுக்கு இறக்கினார்கள். 2006 அக்டோபரில் தோண்டத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் இன்னொரு காரணம் கண்ணில் பட்டது. பழைய பெரும் நிலநடுக்கங்களில் மேடு பிளந்திருந்தது. வெடிப்புகள் கல்லறை வரை இறங்கியிருந்தன. வேரும் மழைநீரும் பூச்சியும் அவ்வழியே போய்வந்திருக்கின்றன. ஆக, கான்கிரீட் கட்டடத்துக் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பின்பக்கம் திறந்தே கிடந்தது. மேட்டைத் தோண்டாமல் இது தெரியாது. மேட்டைத் தோண்டக் கூடாது என்பதுதான் கொள்கை.

மேட்டைக் கட்டிய விதமும் தெரிந்தது. சீனத்தில் மதில்களுக்கும் மாளிகை மேடைகளுக்கும் பயன்பட்ட இடிமண் முறை: சில சென்டிமீட்டருக்கு ஒரு படலமாக மண்ணைக் கொட்டி, தடியால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே அடுத்த படலம். இடித்த தடிகளின் வட்டத் தழும்புகள் படலம் படலமாக அப்படியே இருந்தன. பாய் விரித்து இடித்ததால் பாயின் நெசவுத் தடமும் பதிந்திருந்தது.  ஓவியத்தை வரைந்த கையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறோம். இந்தத் தழும்புகளை விட்டவர்களைப் பற்றி அதுவரை ஒரு வரியும் இல்லை. கல்லறை காப்பாற்றப்பட்டிருந்தால் இவற்றைப் பார்த்திருக்கவே மாட்டோம் என்பது வேதனையான லாபம்.

2007 ஏப்ரல் 5 அன்று முதல் கல் எழும்பியது. ஈஸ்டர் தீவின் மோஆய் என்ற பெருங்கற்சிலைகளை நிமிர்த்திய அனுபவமுள்ள கல்தொழிலாளர் ஒருவரின் தலைமையில், அதற்கெனச் செய்த பிடிகளால் பலகைகளைத் தூக்கினார்கள். அதே அளவில் மாதிரிக் கல்லறை செய்து முன்பே ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஏற்கெனவே விரிசல் விட்ட கற்கள் பல. ஜூன் கடைசிக்குள் ஓவியமுள்ள கற்கள் எல்லாம் பக்கத்திலிருந்த பழுதுபார்க்கும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.  இந்த வழக்கில் எல்லாம் சரியாக நடந்த ஒரே கட்டம் இதுதான். அதற்குப் பொறுப்பு ஒரே கையில் இருந்தது என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பழுதுபார்ப்பு 2020 மார்ச்சில்தான் முடிந்தது. கருப்புப் படலத்தை நொதிகளாலும் புற ஊதா ஒளியாலும் நீக்கினார்கள், பூச்சை மறுபடி உறுதிப்படுத்தினார்கள். புதிதாக வண்ணம் எதுவும் தீட்டவில்லை. வெண்புலியின் போன கோடுகள் போனவைதான். மேடு 2009இல் பழைய வட்ட வடிவில் மீட்டமைக்கப்பட்டது. உள்ளே கல்லறை இல்லை.

கிடோராவும் சீனமும்

தெற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் கிடோரா கல்லறை இருக்கிறது. 1983இல் சிறு துளை வழியே கண்ணாடியிழைக் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது வடசுவரில் ஆமை தெரிந்தது. 2001இல் தென்சுவரில் தகமாட்சுசுகா இழந்த செந்நிறப் பறவையே கிடைத்தது. இங்கே தயக்கம் நீடிக்கவில்லை. பூஞ்சையும் உதிர்வும் தெரிந்ததும் 2004 முதல் 2010 வரை ஓவியங்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்தார்கள். கெட்டியாக ஒட்டியிருந்த இடங்களில் வைரத் துகள் பதித்த கம்பியால் அறுத்தார்கள். 2016இல் அருகிலேயே அவற்றுக்கு ஒரு காட்சியகம் திறந்தது. அவசரம் என்று பார்த்தால் சரியான முடிவு. ஆனால் வானப் படத்தைக் கூரையிலிருந்து சிறு சிறு சில்லுகளாக எடுத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சீனாவின் பாதை வேறு. 1956 முதல் 1958 வரை பெய்ஜிங்குக்கு வெளியே மிங் பேரரசர் வான்லியின் திங்லிங் கல்லறையைத் தோண்டினார்கள். வெளியே வந்த பட்டுத் துணிகள் விறைத்து நிறம் மாறின. 1966இல் கலாசாரப் புரட்சியின்போது பேரரசரின் எலும்புகளையே எரித்தார்கள். அதிலிருந்து பேரரசர் கல்லறைகளைத் தாமாகத் தோண்டுவதில்லை என்பது நடைமுறை. தாங் காலப் பேரரசி வூ செடியானும் கணவரும் உறங்கும் சியான்லிங் இன்றும் மூடியே இருக்கிறது. முதல் பேரரசரின் சுடுமண் படையிலோ, வண்ணத்தின் அடியில் இருக்கும் அரக்குப் படலம் ஷியானின் வறண்ட காற்றில் சில நிமிடங்களில் சுருண்டு, வண்ணத்தையும் உரித்துக்கொண்டு விழுந்துவிடும். ஜெர்மானிய நிபுணர்களோடு சேர்ந்து, பாலிஎத்திலீன் கிளைக்காலைத் தடவி அதை நிறுத்தும் முறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வழி தயாராகும் வரை வண்ணச் சிலைகளை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்ற நிதானமும் பிறந்தது.

தாங் சுவரோவியங்களைப் பெயர்த்து ஷியான் அருங்காட்சியகத்தில் வைத்ததால் அவை பிழைத்தன. ஆனால் நீண்ட சரிவுப்பாதையில் இறங்கும்போது இருபுறமும் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டிய காட்சிகள், இன்று தனித்தனிப் படங்கள். ஜப்பானுக்கும் தன் பழைய காயம் உண்டு. 1949 ஜனவரி 26 அன்று ஹோரியூஜி கோயிலின் பொன் மண்டபத்தில் சுவரோவியங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தீப்பிடித்து, அவை கருகிப்போயின. மறு ஆண்டே கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ‘இனி ஒன்றையும் இழக்க மாட்டோம்’ என்ற அந்த வைராக்கியத்தில் வளர்ந்த தலைமுறைதான் தகமாட்சுசுகாவைக் கையில் எடுத்தது. தோல்வியை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

2010இல் வந்த காரண ஆய்வு அறிக்கை ஒற்றைக் குற்றவாளியைக் காட்டவில்லை: நிலநடுக்கம், வெப்பநிலை, மருந்துகள், 2001 வேலை எல்லாம் சேர்ந்துதான் என்றது. அறிவியலில் அது சரி. ஆனால் இந்தப் பட்டியலில் பல, தனித்தனியாக யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்தவை. வெப்பநிலைப் பதிவு இருந்தது, உதிரும் மண் தெரிந்தது, முதல் பூஞ்சைக் குறிப்பும் கோப்பில் இருந்தது. மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் வேலைதான் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

இப்போது ஓவியங்கள் எங்கே போகும்? 2014இல் எடுத்த முடிவின்படி, தற்போதைக்கு மேட்டுக்கு வெளியிலேயே தகுந்த கட்டடத்தில் இருக்கும். பூஞ்சையை முழுதாகத் தடுக்கும் தொழில்நுட்பம் கைவந்தால் பழைய இடத்துக்குத் திரும்பும் வாய்ப்பை விட்டுவிடவில்லை. புதிய கட்டடத்துக்கான திட்டம் நடக்கிறது. அதுவரை, விண்ணப்பித்துக் குலுக்கலில் தேறியவர்கள் குறிப்பிட்ட நாட்களில் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கலாம். திரும்ப வைப்பது என்ற வாக்கியத்தைக் கோட்பாட்டுக்கு மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்றால் சரி. நிஜமாகவே திட்டமென்றால், வெடித்த மேட்டையும் அந்த இணைப்புப் பகுதியையும் என்ன செய்யப் போகிறார்கள், எந்தப் பிரிவு செய்யப் போகிறது என்பதை முதல் பக்கத்தில் எழுதிக் காட்டட்டும்.